போதும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை

பாடசாலையில் உணவைப் பற்றி நாம் படிப்பித்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியல்தான். ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார் செயற்பாடுகளிலும், தரம் 6இலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திலும் அந்தப் பட்டியல் வருகிறது. கீரை நல்லது, பழம் நல்லது, பொரித்தது கூடாது, சோடா கூடாது. தரம் நான்கில் எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். இடைவேளை மணி அடித்ததும் அதே பிள்ளை ஒரு கையில் றோல்ஸும் மற்றக் கையில் ஐஸ் பக்கெட்டுமாக நிற்கும். பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்தபடி நடக்கத்தான் வரவில்லை. கலியாண வீட்டில் இரண்டாவது கிண்ணம் வட்டிலப்பத்துக்குக் கை நீட்டும் சீனி வியாதிக்கார மாமாவுக்கும் அதே கதைதான் என்பதால் பிள்ளையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த இடைவெளியில் வேலை செய்யும் ஆற்றலை ஆசிரியர் பயிற்சிக் கையேடுகள் 'சுய ஒழுங்குபடுத்தல்' என்கின்றன. தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவள் என்ற முறையில் எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் சங்கடம் உண்டு. பத்து வயதுப் பிள்ளையின் வாயில் அது நுழையாது. நான் வகுப்பில் பலகையில் எழுதுவது 'போதும்' என்ற ஒரு சொல்லை. தன் வயிற்றைக் கேட்டு, தன் வாயால், யாரும் சொல்லாமல் 'போதும்' என்று சொல்லத் தெரிவது. அதோடு, பசிக்கும்போது 'பசிக்குது' என்று வெட்கப்படாமல் சொல்லத் தெரிவது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொழும்பில் அதை விடவே முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆச்சரியம். இந்த ஆற்றலைப் பிள்ளைக்கு நாம் புதிதாகக் கொடுக்கவேண்டியதில்லை. பிறக்கும்போதே அது இருக்கிறது. பால் போதுமென்றால் கைக்குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்பரா றோல்ஸ் (நம்முடைய சோட்டீஸுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை), லியன் பேர்ச் முதலியோர் ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவை ஒருநாள் சிறிதாகவும், ஒருநாள் நடுத்தரமாகவும், ஒருநாள் பெரிதாகவும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் தட்டில் எவ்வளவு இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளோ தட்டில் கூடக் கூடத் தாங்களும் கூட்டிச் சாப்பிட்டார்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் என்ன நடந்தது? பிள்ளை வயிற்றைக் கேட்பதை விட்டுத் தட்டைப் பார்க்கப் பழகிவிட்டது. அதைப் பழக்கியதில் பெரியவர்களாகிய நமக்குப் பெரும் பங்கு உண்டு. பிள்ளை சாப்பிடுவதைத் தாய் எவ்வளவுக்குக் கட்டுப்படுத்துகிறாரோ, அவ்வளவுக்கு அந்தப் பிள்ளைக்குத் தன் அளவைத் தானே சரிசெய்யும் திறன் குறைவாக இருக்கிறது என்று பேர்ச் 1994இல் இன்னோர் ஆய்விலும் கண்டார்.

"இன்னும் ரெண்டு வாய் மகன், உம்மாக்காக." "தட்டு முடிஞ்சாத்தான் கார்ட்டூன்." "கீரையத் திண்டா சொக்லட் தருவன்." இந்த மூன்று வசனங்களும் கேட்காத வீடு வெள்ளவத்தையிலும் இல்லை, கொட்டாஞ்சேனையிலும் இல்லை. அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் மூன்றாவது வசனம் மற்ற இரண்டையும் விடக் கெட்டது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்கவைத்த பிள்ளைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மீதே விருப்பம் குறைந்துபோனது என்பதும் பேர்ச் குழுவினரின் 1980களின் ஆய்வுகளில் ஒன்று. பிள்ளையின் கணக்கு சரியானது: இதைச் சாப்பிடப் பரிசு தருகிறார்கள் என்றால் இது கெட்ட பண்டமாகத்தான் இருக்கவேண்டும், பரிசாக வருவதுதான் நல்ல பண்டம்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்பார். பெற்றோர் கூட்டத்தில் என்னிடமும் கேட்டார்கள். தட்டை வழித்துச் சாப்பிடுவது ஸுன்னத் அல்லவா? உணவை வீணாக்குவது இஸ்ராஃப் அல்லவா? பிள்ளை பாதியில் 'போதும்' என்று எழும்பிப் போனால் மிச்சத்துக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி. ஆனால் தட்டை வழிக்கச் சொல்லும் நாம், தட்டில் போட்டது யார் என்று கேட்பதில்லை. பெரியவர் தன் கண் அளவில் சோற்றைக் குவித்துவிட்டு, பிள்ளை அதை முடிக்கவேண்டும் என்றால், வீண்போவது நிற்கவில்லை. தட்டிலிருந்து பிள்ளையின் வயிற்றுக்கு இடம் மாறியிருக்கிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு குடிப்புக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்தில் மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரழி) அறிவிக்கும் ஹதீஸைத் திர்மிதியில் காண்கிறோம். அந்த மூன்றில் ஒன்றை அளந்து பார்க்கக்கூடியவர் அந்த வயிற்றின் சொந்தக்காரர் மட்டும்தான். ஆகவே நான் பெற்றோருக்குச் சொல்வது இது: அகப்பையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். முதலில் கொஞ்சமாகப் போடட்டும். பசித்தால் இரண்டாவது தடவை போடட்டும். தானே போட்டதைத் தானே வழித்து முடிக்கட்டும். அப்போது ஸுன்னத்தும் இருக்கும், பிள்ளையின் அளவும் இருக்கும். முதல் ஒரு கிழமை பிள்ளைகள் கூடுதலாகப் போட்டுவிட்டுத் திணறுவார்கள். பிறகு கை பழகிவிடும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனுக்குச் சாப்பிடப் பழக்கிய விதமும் இங்கே கவனிக்கத்தக்கது. அவர்களுடைய வளர்ப்பில் இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) சிறுவனாக இருந்தபோது சாப்பாட்டுத் தட்டில் அவரது கை அங்குமிங்கும் அலைந்தது. அவருக்குச் சொல்லப்பட்டவை மூன்றே விஷயங்கள்: அல்லாஹ்வின் பெயர் சொல்லித் தொடங்குவது, வலக்கையால் உண்பது, தனக்கு முன்னால் இருப்பதிலிருந்து எடுப்பது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது வருகிறது. ஒரு பண்டம்கூடத் தடுக்கப்படவில்லை. எவ்வளவு என்றும் சொல்லப்படவில்லை. தொடங்குமுன் ஒரு கணம் நிற்பதும், தன் எல்லையைத் தான் அறிவதும் பழக்கப்பட்டன. பெரியவரான பின்பும் தாம் அப்படியே சாப்பிட்டதாக அவர் சொல்கிறார்.

நமது சஹன் சாப்பாடு இந்தப் பாடத்தின் செய்முறை வகுப்பு. ஆறு பேர் சுற்றியிருக்க நடுவில் ஒரு சஹன். நெய்ச்சோற்றின் மேல் கோழி, ஓரத்தில் கத்தரிக்காய் பஹி, அச்சாறு. தனக்கு முன்னால் இருக்கும் பங்கு எது என்று பிள்ளைக்குக் கண்ணாலேயே தெரியும். பக்கத்தில் இருப்பவர் மெல்லச் சாப்பிட்டால் நாமும் மெல்லவேண்டும். இந்த அழகான ஏற்பாட்டைக் கெடுப்பது, பிள்ளையின் பக்கம் இறைச்சித் துண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மாமிமார்தான். தள்ளாமல் இருந்தால் சஹன் தன் வேலையைத் தானே செய்யும்.

எனது பாடமும் இதில் சாட்சி சொல்லும். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'மருந்து'. அதில் இரண்டாவது குறளிலிருந்து தொடர்ந்து ஆறு குறள்கள் உண்பதைப் பற்றியவை. எந்த உணவின் பெயரும் அவற்றில் இல்லை. முன்பு உண்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, அளவு எது என்பவைதான் அவற்றின் கவலை. உயர்தர மாணவர்களுக்கு இதைப் படிப்பிக்கும்போது உடம்பைக் கவனிப்பதற்கான பாடமாகவும் படிப்பித்தால் நல்லது என்பது என் எண்ணம்.

அடுத்தது பொறுமை. சுயகட்டுப்பாடு என்று பேச்செடுத்தால் எல்லோரும் சொல்வது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வோல்டர் மிஷல் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய இனிப்புச் சோதனையை. பிள்ளை முன்னால் ஓர் இனிப்பு. இப்போதே சாப்பிடலாம், ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் மற்றவற்றிலும் சிறந்து விளங்கினார்கள் என்று பேசப்பட்டது. நமது ஊக்கப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவைக் கொண்டு மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

எனக்கு அதைவிடப் பெறுமதியான ஆய்வு செலஸ்ட் கிட் என்பவர் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 28 சிறு பிள்ளைகளோடு செய்தது. இனிப்பைக் காட்டுமுன் பிள்ளைக்குப் பழைய கிரெயோன்கள் கொடுக்கப்பட்டன. கொஞ்சம் பொறுத்தால் புதிது கொண்டுவருகிறேன் என்று ஆய்வாளர் சொன்னார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையாம், மன்னித்துக்கொள் என்றார். ஒட்டுப்படங்களிலும் அப்படியே நடந்தது. அதன் பிறகுதான் இனிப்பு வந்தது. வாக்கு நிறைவேறிய பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். அவர்கள் பொறுமையில்லாத பிள்ளைகள் அல்லர். நாளை கிடைக்குமோ தெரியாது என்றால் இன்றே சாப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதைக் கொழும்பில் வைத்து யோசித்துப் பாருங்கள். 2022இல் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற நகரம் இது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. அப்போது தரம் ஒன்றில் இருந்த பிள்ளை தெரிந்துகொண்டது என்ன? இருக்கும்போது சாப்பிட்டுக்கொள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்று 'குறைத்துச் சாப்பிடு' என்று எந்த வாயால் சொல்வது? ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். ஒன்று காலையில் பிளேன்ரீயோடு வந்தது. மற்றது வயதுக்கு மீறிய நிறை. இரண்டு பிள்ளைக்கும் பொதுவாக ஒரே பாடத்தைச் சொல்லவேண்டுமென்றால் அது 'குறை' என்பதாக இருக்கமுடியாது. 'உன் பசியைக் கவனி' என்பதாகத்தான் இருக்கமுடியும். பசிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு உணவு கிடைக்க வழி செய்யாத பாடசாலையில் சுயகட்டுப்பாட்டுப் பாடத்தை நடத்தவே கூடாது என்பது என் கட்சி.

வீடும் ஒன்றல்ல. வெள்ளவத்தையில் பிள்ளைக்கு வீட்டில் பிரிட்ஜ் நிறைந்திருக்கும்; ஆனால் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு இரண்டரைக்கு ரியூசனுக்குப் போகும் பிள்ளை பகல் சாப்பாட்டை வேனுக்குள் இரண்டு பெட்டிஸோடு முடித்துக்கொள்ளும். காலி வீதியில் பத்து அடிக்கு ஒரு கடை. கொட்டாஞ்சேனையில் சில வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு குசினி. காலைச் சாப்பாடு கடையில்தான். பிள்ளையின் கையில் காசு கொடுத்து அனுப்புகிறார்கள். எதை வாங்குவது என்று எட்டு வயதில் தானே தீர்மானிக்கும் பிள்ளை அது. யோசித்துப் பார்த்தால் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குத் தீர்மானிக்கும் பயிற்சி கூட. வெள்ளவத்தைப் பிள்ளைக்குத் தெரிவுகள் கூட. இரண்டு பிள்ளைக்கும் குறைவாக இருப்பது உட்கார்ந்து சாப்பிடும் நேரம்.

வகுப்பில் என்ன செய்யலாம்? எங்கள் வகுப்பில் எடுபட்டதைச் சொல்கிறேன். பிள்ளைகள் கொப்பியில் ஒரு கிளாஸ் வரைவார்கள். இடைவேளைக்கு முன்னால் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அதில் ஒரு கோடு. சாப்பிட்ட பிறகு இன்னொரு கோடு. டீச்சர் புள்ளி போடமாட்டார், பக்கத்துப் பிள்ளை பார்க்கக்கூடாது. இரண்டு கிழமையில் ஒரு பிள்ளை வந்து சொன்னது: "டீச்சர், எனக்குப் பசியே இல்ல, ஆனா கூட்டாளிமார் திங்கக்குள்ள எனக்கும் திங்கணும் போல இரிக்கி." பசியையும் ஆசையையும் பிரித்து அறிய இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

கிளாஸ் படம் இன்னொன்றையும் காட்டும். ஒரு பிள்ளையின் முதல் கோடு தினமும் அடியிலேயே இருந்தால், அது ஆசிரியருக்கு மட்டும் தெரியும் ஒரு செய்தி. சத்தமில்லாமல் அதைக் கவனிக்கலாம்.

கணிதப் பாடத்துக்கு மென்பான போத்தல் நல்ல உபகரணம். 2016 ஓகஸ்டிலிருந்து நம் நாட்டில் மென்பானங்களுக்கு வர்ண அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரியும் போட்டார்கள்; பிறகு அதைக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சிவப்பு தெரியும். செம்மஞ்சளில்தான் பிடி இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றால் அது செம்மஞ்சள்தான். ஆனால் 400 மில்லிலீற்றர் போத்தல் முழுவதிலும் 40 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் பத்துக் கரண்டி. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. பத்துக் கரண்டி சீனியை ஒரு கிளாஸில் போட்டு மேசையில் வைத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு ஒரு பிள்ளை கேட்கும், வீட்டு ரீக்கு என்ன நிறம் என்று. நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டரைக் கரண்டி. அதில் லேபல் இல்லை.

தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் என்ன விற்கலாம் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2007இல் வந்து, 2015இல் திருத்தப்பட்டது. அது தேவை, உள்ளே நல்ல உணவு இருந்தால்தான் தெரிவதற்கு ஏதாவது இருக்கும். ஆனால் படலைக்கு வெளியே அச்சாறு வண்டிலும் ஐஸ் பக்கெட்டும் நிற்கின்றன. கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தொடாதே என்றால் ஆசை கூடத்தான் செய்யும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, நம் அனுபவமும் சொல்கிறது. மிஷலின் சோதனையில் அதிக நேரம் பொறுத்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இனிப்பைப் பார்த்திருந்தவர்கள் அல்லர். கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாடினார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள். இது பழக்கக்கூடிய உபாயம். 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே வசனமாகச் சொல்லிவைப்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் 1990களில் காட்டினார். எங்கள் பிள்ளைகள் எழுதிய வசனங்கள் சில: வண்டில் நிண்டா மற்றப் பக்கத்தால போவன். காசு மிஞ்சினா கொய்யா வாங்குவன். கிழமைக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை மட்டும் ஐஸ் பக்கெட். கடைசி வசனத்தை நான் திருத்தவில்லை. அது நல்ல வசனம்.

வகுப்பில் செய்யக்கூடாததும் உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறை பார்த்து உரக்க வாசிப்பது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டுவது, 'குண்டு', 'ஒல்லி' என்ற பேச்சு. பெட்டியில் வெறும் பாணும் சீனியும் இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகு இடைவேளையில் வகுப்பில் இருக்காது. கழிப்பறைப் பக்கம் போய் நிற்கும்.

நோன்பைச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. ஆனாலும் நம் வீடுகளில் ஏழெட்டு வயதில் அரை நோன்பு பிடித்துப் பழகுகிறார்கள். தனியாகக் குளியலறையில் நிற்கும் பிள்ளை, யாரும் பார்க்காதபோதும் தண்ணீரை விழுங்காமல் கொப்பளித்துத் துப்புகிறது. சுயகட்டுப்பாட்டை இதைவிட எந்த உளவியல் கூடத்தில் காட்டமுடியும்? அந்தப் பிள்ளையைத்தான் நாம் மஃரிபுக்குப் பிறகு சமோசா, கட்லட், பலூடா என்று திணறடிக்கிறோம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி, பிறகு தொழுகை, அதற்குப் பிறகு சாப்பாடு என்ற பழைய ஒழுங்கில் ஒரு நன்மை இருக்கிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் வேண்டும் என்கிறார்கள். அந்த நேரத்தைத் தொழுகை கொடுக்கிறது.

அதே 20 நிமிடத்தில்தான் எங்கள் பாடசாலை இடைவேளை தொடங்கி முடிந்தும்விடுகிறது. அதற்குள் கைகழுவ வரிசை, சிற்றுண்டிச்சாலையில் வரிசை, கழிப்பறையில் வரிசை. சாப்பிடுவதற்கு மிஞ்சுவது ஏழெட்டு நிமிடம். வயிறு 'போதும்' என்று சொல்லும்போது பிள்ளை அடுத்த பாடத்தில் இருக்கும். இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டவேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். தமிழ்ப் பாடத்திலிருந்து எடுங்கள் என்றேன். முடிவு அடுத்த தவணைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.